லாங் ஆர்ம் சஸ்பென்ஷன் தேர்ந்தெடுப்பது எப்படி: மலைப்பாதை ஓட்டும் தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சாட்ஸ்வொர்த்திலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ ஃபோர் பை ஃபோர் வைத்திருக்கும் நாலு பேர் பிராய் அடுப்பைச் சுற்றி நின்றால், கறி வேகும் முன்பே பேச்சு லிஃப்டுக்கு வந்துவிடும். எத்தனை அங்குலம் தூக்கியாச்சு, என்ன டயர் என்று தொடங்கி, கடைசியில், ஆக்ஸிலை (சக்கர அச்சை) சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) இணைக்கும் குழாய்களை நீளமாக மாற்றும் அமைப்பைச் சொல்லி, யாராவது ‘லாங் ஆர்ம் போட்டுவிடு, எல்லாம் சரியாகிவிடும்’ என்பார்கள். எல்லாம் சரியாகாது. சில விஷயங்கள் மிக நன்றாகச் சரியாகும். சில விஷயங்கள் புதிதாகக் கெடும். எது எது என்று தெரிந்துகொண்ட பிறகு பணத்தை எடுக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரிவது நீளமான இரும்புக் குழாய். ஆனால் வண்டியின் நடத்தையைத் தீர்மானிப்பது அந்தக் குழாயின் முனை சேசிஸில் எங்கே, எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது என்பதுதான். குழாயை எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்துவிடலாம். மாட்டும் இடத்தைத் தவறாக வைத்தால் அதைத் திருத்த மறுபடி சேசிஸை வெட்ட வேண்டும்.

நீளம் என்ன செய்கிறது

ஆக்ஸிலை முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பவை கன்ட்ரோல் ஆர்ம்கள். ஒரு முனை ஆக்ஸிலில், மறுமுனை சேசிஸில். கம்பெனியிலிருந்து வரும்போது அவை ஏறக்குறைய தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தூக்கினால் சேசிஸ் முனை மேலே போகும், ஆர்ம் சரிந்து நிற்கும்.

கணக்காகப் பார்க்கலாம். 40 செ.மீ. ஆர்ம் ஒன்று, அதன் ஆக்ஸில் முனை சேசிஸ் முனையைவிட 15 செ.மீ. கீழே இருக்கிறது. சரிவு 22 பாகை. அதே இடத்தில் 85 செ.மீ. ஆர்ம் இருந்தால் சரிவு 10 பாகைதான். இனி ஒரு பள்ளத்தில் சக்கரம் இன்னும் 10 செ.மீ. கீழே தொங்குகிறது என்று வையுங்கள். குட்டை ஆர்ம் ஆக்ஸிலை கிட்டத்தட்ட 6 செ.மீ. முன்பின்னாக இழுத்துவிடும். நீள ஆர்ம் இழுப்பது இரண்டரை செ.மீ.க்கும் குறைவு.

இந்த வித்தியாசத்தை முன்சக்கரத்தில்தான் உடம்பு உணரும். சரிந்த ஆர்ம் உள்ள முன் ஆக்ஸில் கல்லில் மோதும்போது, மேலே ஏறுவதற்காக முன்னோக்கியும் நகர வேண்டியிருக்கிறது, அதாவது கல்லுக்கு எதிராகவே. மண் தள்ளும் கைவண்டியைக் கைப்பிடியை உயர்த்திப் பிடித்து நடைபாதைக் கல்லில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: சக்கரம் ஏறாது, முட்டி நிற்கும். லிஃப்ட் போட்ட வண்டி சரளைச் சாலையில் பல்லை ஆட்டுவதற்கு ஷாக் அப்சார்பரைத் திட்டுகிறோம். பாதிக் குற்றம் இந்தச் சரிவுடையது.

பின்பக்கம் வேறு தொல்லை. சரிந்த ஆர்ம்கள், ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வண்டியின் பின்புறத்தை மேலே தள்ளும். சக்கரம் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துத் துள்ள ஆரம்பிக்கும். டிரைவ் ஷாஃப்ட் உடைவது பெரும்பாலும் இந்தத் துள்ளலில்தான். என்3 நெடுஞ்சாலையில் வளைவு எடுக்கும்போதும் அதே சரிவு பின் ஆக்ஸிலைச் சற்றே திருப்பிவிடும். பின்பக்கம் வெளியே போகப் பார்ப்பதுபோல் ஓட்டுபவருக்குத் தோன்றும்.

படி 1: உங்கள் வண்டிக்கு இது பொருந்துமா?

லாங் ஆர்ம் என்பது முழு ஆக்ஸிலும் காயில் (சுருள்) ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகளுக்கான விஷயம். ஜீப் ராங்லர் (1997 முதல் 2006 வரை வந்த டி.ஜே., பிறகு வந்த ஜே.கே., ஜே.எல்.), நிசான் பேட்ரோல் ஒய்60, ஒய்61, லேண்ட் குரூசர் 80, 105, பழைய டிஃபெண்டர், சுசுகி ஜிம்னி ஆகியவை இந்த வகை.

நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பதோ பக்கி (பிக்கப் வண்டி). இதே டர்பனில் புரோஸ்பெக்டன் ஆலையில் செய்யும் ஹைலக்ஸ் ஆகட்டும், ரேஞ்சர் ஆகட்டும், முன்பக்கம் தனித்தனிச் சக்கர அமைப்பு. அவற்றுக்கு விற்கும் அப்பர் கன்ட்ரோல் ஆர்ம் முற்றிலும் வேறு பொருள். இந்த வழிகாட்டி அவற்றுக்கு இல்லை. லேண்ட் குரூசர் 79 பக்கிக்கு முன்னால் காயில், பின்னால் லீஃப் (தகட்டு) ஸ்பிரிங். அதில் பாரம் ஏற்றுகிறவர்கள் பின் லீஃபை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

அப்புறம், எவ்வளவு தூக்கியிருக்கிறீர்கள் என்பது. டி.ஜே.யின் ஆர்ம்கள் மிகக் குட்டை, அதனால் 10 செ.மீ. லிஃப்ட் தாண்டினாலே லாங் ஆர்ம் யோசிக்கலாம். ஜே.கே., ஜே.எல். வண்டிகளுக்குக் கம்பெனி ஆர்ம்களே அதைவிட நீளம். அவற்றில் 6, 7 செ.மீ. லிஃப்டுக்கு சேசிஸ் முனையைக் கீழே இறக்கும் டிராப் பிராக்கெட் போதும். ஜிம்னிக்கு 5 செ.மீ. லிஃப்டும் கேஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) திருத்தும் புஷ்ஷும் (ஆர்ம் முனையில் வரும் உறை) போட்டு நிறுத்திக்கொண்டால் அது ஜிம்னியாகவே இருக்கும். அந்த வண்டியின் அழகே அதன் எடைக் குறைவுதான்.

படி 2: எங்கே போகிறீர்கள், என்ன ஏற்றுகிறீர்கள்?

சானி பாஸுக்கு லாங் ஆர்ம் தேவையில்லை. உச்சி சுமார் 2,870 மீட்டர், வளைவுகள் கடுமை, குளிர்காலத்தில் பனி. ஆனாலும் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டும் கியர்) உள்ள கம்பெனி வண்டி நிதானமாக ஏறிவிடும். கோசி பே பக்கத்து மணல் தடங்களுக்கும் தேவையில்லை. அங்கே டயர் காற்றை 1 பார் அளவுக்கு இறக்குவது எந்தச் சஸ்பென்ஷனையும்விடப் பெரிய உதவி. கடற்கரையில் ஓட்டுவதற்கோ 2002 முதலே தடை இருக்கிறது, அதனால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

லெசோத்தோவின் பபூன்ஸ் பாஸ் மாதிரி இடம் என்றால் கதை வேறு. பாறைமேல் பாறையாக, ஒரு சக்கரம் இடுப்பளவு மேலே, எதிர்ச்சக்கரம் குழியில். அங்கே ஆக்ஸில் தாராளமாக முறுக்கிக்கொள்ள வேண்டும், முறுக்கிய நிலையிலும் சக்கரம் தரையை அழுத்த வேண்டும். லாங் ஆர்ம் தன் விலைக்கு வேலை செய்வது அங்கேதான். வருடத்துக்கு ஒருமுறை சானி, மற்ற நாளெல்லாம் ஊருக்குள் என்பவர்கள் அந்தப் பணத்தை நல்ல ஷாக்கிலும் டயரிலும் பின் டிஃப் லாக்கிலும் (பின்சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பூட்டு) போடுங்கள்.

இன்னொரு கேள்வியையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதே வண்டிதானே வீட்டு வண்டியும்? புனித வெள்ளியன்று அம்மாவையும் அத்தையையும் மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போய்விட்டு, சனிக்கிழமை காலை கூடாரமும் தண்ணீரும் டீசலும் ஏற்றி மலைக்குக் கிளம்பும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது பாறைப் போட்டி அமைப்பு அல்ல. நெடுஞ்சாலையில் ஆடாத, சத்தம் போடாத அமைப்பு.

பயணத்துக்கு ஏற்றுவதையெல்லாம் ஏற்றி, ஆட்களையும் உட்கார வைத்து, வண்டியை எடைப்பாலத்தில் நிறுத்துங்கள். முன் ஆக்ஸில் எடை தனி, பின் ஆக்ஸில் எடை தனி. இந்த இரண்டு எண்கள் கையில் இல்லாமல் ஸ்பிரிங் வாங்காதீர்கள். ஸ்பிரிங் தவறினால் வண்டி நிற்கும் உயரம் தவறும். உயரம் தவறினால் ஆர்மின் சரிவு பற்றி நீங்கள் போட்ட கணக்கெல்லாம் வீண்.

படி 3: எந்த அமைப்பு?

முன்பக்கத்துக்கு நடைமுறையில் இரண்டு வழிகள்.

ரேடியஸ் ஆர்மில் ஒவ்வொரு பக்கமும் ஒரே தடித்த ஆர்ம், அது ஆக்ஸிலை இரண்டு புஷ்களால் பிடிக்கும். பேட்ரோல், 80, டிஃபெண்டர், ஜிம்னி எல்லாம் முன்னால் இப்படித்தான் பிறந்தவை. எளிமை, வலிமை, சாலையில் நிலைத்தன்மை. குறை என்னவென்றால், ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போது இரண்டு ஆர்ம்களும் ஆக்ஸிலை எதிரெதிர்த் திசையில் முறுக்கப் பார்க்கும். புஷ் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறதோ அவ்வளவுதான் முறுக்கம். அதற்கு மேல் புஷ் கிழியும், இல்லை பிராக்கெட் விரியும்.

த்ரீ லிங்க்கில் கீழே இரண்டு ஆர்ம், மேலே ஒன்றே ஒன்று, ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்க ஒரு டிராக் பார். இதில் இறுக்கமே கிடையாது, ஆக்ஸில் சுதந்திரமாக முறுக்கும். ஆனால் பிரேக் பிடிக்கும்போது ஆக்ஸில் உருளாமல் தடுக்கும் வேலை முழுவதும் அந்த ஒற்றை மேல் ஆர்மின் தலையில் விழுகிறது. கீழ் ஜாயின்ட் தரையிலிருந்து 34 செ.மீ. உயரத்திலும், மேல் ஜாயின்ட் அதற்கு 20 செ.மீ. மேலேயும் இருந்தால், சக்கரங்கள் தரையில் காட்டும் பிரேக் விசையைப்போல் 1.7 மடங்கு அந்த ஒரு ஆர்மில் வரும். இடைவெளியை 14 செ.மீ. ஆகக் குறைத்தால் 2.4 மடங்கு. ஆகவே த்ரீ லிங்க் வாங்கும்போது மேல் ஆர்மின் ஆக்ஸில் பிராக்கெட் எவ்வளவு உயரம், எவ்வளவு தடிமன், போல்ட் எந்தத் தரம் என்று பாருங்கள். 10.9 தரத்துக்குக் கீழே வேண்டாம். போல்ட் துளையில் ஆட்டம் இருக்கவே கூடாது.

என் தேர்வு: மாதத்தில் பெரும்பாலான நாள் தார்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு நீண்ட ரேடியஸ் ஆர்ம், மலைக்கென்றே வைத்திருக்கும் வண்டிக்கு நல்ல த்ரீ லிங்க்.

பின்பக்கத்துக்கு, நான்கு ஆர்மும் டிராக் பாரும் உள்ள அமைப்பை நீட்டுவது ஒன்று. டிராக் பாரை எடுத்துவிட்டு, மேல் ஆர்ம்களை முக்கோணமாகச் சாய்த்து ஆக்ஸில் நடுவில் சேர்ப்பது இன்னொன்று. முக்கோண அமைப்பில் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் நேராக ஏறி இறங்கும். ஆனால் மேல் ஆர்ம்கள் போதுமான அளவு சாய்ந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம் 40 பாகைக்குக் குறைந்தால் பின்பக்கம் பக்கவாட்டில் ஆடும். டி.ஜே.யில் இதற்கு ஆக்ஸில் மேல் ஒரு பாலம் வெல்ட் செய்ய வேண்டும். ஆக்ஸிலின் நடுப்பகுதி வார்ப்பிரும்பாக இருந்தால் முன்கூட்டிச் சூடேற்றி, நிக்கல் ராடு வைத்துச் செய்யத் தெரிந்த வெல்டர் வேண்டும். சாதாரண வெல்டிங் அங்கே ஓரிரு பயணத்தில் விரிசல் விடும். குழாயிலும் ஒரே மூச்சில் வெல்ட் ஓட்டினால் சூட்டில் ஆக்ஸிலே வளைந்துவிடும். விட்டு விட்டு, பக்கம் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

படி 4: சேசிஸ் முனை

இதில் அவசரப்படாதீர்கள். கட்டம் போட்ட தாளை எடுத்து வண்டியைப் பக்கவாட்டில் வரையுங்கள். பின் ஆர்ம்கள் மேலே ஒன்று, கீழே ஒன்று; இரண்டு கோடுகளையும் முன்னோக்கி நீட்டினால் எங்கோ சந்திக்கும். பின் டயர் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து அந்தச் சந்திப்புக்கு ஒரு கோடு இழுத்து, முன் ஆக்ஸிலின் நேர்மேலே அது எந்த உயரத்தில் போகிறது என்று பாருங்கள். வண்டியின் எடை மையம் இருக்கும் உயரமும் அதுவும் சமம் என்றால் ஆன்டி ஸ்குவாட் (பின்பக்கம் உட்காராமல் தடுக்கும் அளவு) 100 விழுக்காடு. அதைவிட நிறைய மேலே போனால் ஏற்றத்தில் பின்பக்கம் எழும்பித் துள்ளும். மிகவும் கீழே போனால் பின்பக்கம் உட்கார்ந்து முன்சக்கரம் லேசாகும். எடை மையத்தின் உயரத்தைத் துல்லியமாக அளப்பது சிரமம். எஞ்சினின் மேற்பகுதி உயரத்தை ஏறக்குறைய எடுத்துக்கொள்பவர்கள் உண்டு, ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். நான் பாரம் ஏற்றிய நிலையில் 70 முதல் 100 வரை பார்ப்பேன்.

எண்ணை அறிந்த பிறகு அதை மாற்ற வழி வேண்டும். ஆகவே மேல் ஆர்முக்கு சேசிஸ் பிராக்கெட்டில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு வசதிக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

அடுத்தது, பிராக்கெட் எவ்வளவு கீழே தொங்குகிறது என்பது. லாங் ஆர்மின் சேசிஸ் முனை வண்டியின் வயிற்றுப் பகுதிக்கு வந்துவிடுகிறது. பாறை விளிம்பைத் தாண்டும்போது முதலில் தட்டும் இடமே அதுதான். 10 செ.மீ. தூக்கி, 8 செ.மீ. தொங்கும் பிராக்கெட் மாட்டினால் வயிற்றுக்கு என்ன லாபம்? சேசிஸ் ரெயிலின் அடிமட்டத்தோடு ஒட்டி நிற்கும் பிராக்கெட்டும், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தோடு சேர்ந்து வரும் அடித்தகடும் உள்ள கிட் நல்லது. டி.ஜே.யில் அடித்தகட்டை மேலே ஏற்றினால் டிரைவ் ஷாஃப்ட் கோணம் கெடும். ரூபிகான் மாடல் அல்லாத வண்டியில் பின்னால் வழுக்கும் யோக்கை (ஷாஃப்ட் முனை இணைப்பை) எடுத்துவிட்டு, டபுள் கார்டன் ஷாஃப்ட் (ஒரு முனையில் இரட்டை மூட்டு உள்ளது) போட வேண்டிவரும். அந்தச் செலவையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டில் மட்டும் மாட்டும் கிட்டா, வெல்ட் செய்யும் கிட்டா? வெல்டுக்கே என் ஓட்டு. வெல்ட் செய்யும் முன் சேசிஸ் ரெயிலை உள்ளும் புறமும் பாருங்கள். டர்பன் கடற்காற்றில் பல வருடம் நின்ற வண்டி வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே துரு தின்றிருக்கும். சுத்தியலால் தட்டினால் சத்தமே சொல்லிவிடும்.

படி 5: ஜாயின்டும் குழாயும்

ரப்பர் புஷ் அமைதியானது, நீடிக்கும், அதிர்வை விழுங்கும். பாலியூரித்தேன் கடினம், முறுக்கும் இடத்தில் போட்டால் கிறீச்சிடும், ரேடியஸ் ஆர்மில் இறுக்கத்தையும் கூட்டும். உள்ளே உருண்டை வைத்து கிரீஸ் அடிக்கும் ஜாயின்ட், முறுக்கத்துக்கும் அமைதிக்கும் நடுவே நல்ல சமரசம். ஹீம் ஜாயின்ட் (ரப்பர் இல்லாத உலோக உருண்டை மூட்டு) துல்லியமானது; ஆனால் கரூவின் நுண்தூசியும் லெசோத்தோவின் ஆற்று நீரும் மாறி மாறிப் பட்டால் சீக்கிரம் தட்ட ஆரம்பிக்கும். வீட்டு வண்டிக்கு ஒரு முனையில் ரப்பர், மறுமுனையில் கிரீஸ் அடிக்கும் ஜாயின்ட் என்பதே என் பரிந்துரை. எதை வாங்கினாலும் அதன் உள்பாகங்கள் தனியாக இங்கே கிடைக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள்.

கீழ் ஆர்ம்கள் பாறையில் உராயும், வண்டியின் எடையையே தாங்கும். 50 மி.மீ. வெளிவிட்டம், 6 மி.மீ. சுவர் உள்ள தையலில்லாக் குழாய்க்குக் குறைவாக வேண்டாம்.

படி 6: வலது பக்க ஸ்டீயரிங்கும் பணமும் சட்டமும்

சந்தையில் உள்ள கிட்கள் பல இடது பக்க ஸ்டீயரிங் வண்டியை வைத்து அமெரிக்காவில் வடிவமைத்தவை. நம் வண்டியில் ஸ்டீயரிங் பாக்ஸ் வலப்பக்கம். டிராக் பாரும், ஸ்டீயரிங் பாக்ஸைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க்கும் அதற்கேற்ப மாறும். மேல் ஆர்ம் போகும் வழியில் எக்ஸாஸ்ட் குறுக்கிடலாம். ‘வலது பக்க ஸ்டீயரிங் உள்ள இந்த மாடலுக்கு, இந்த எஞ்சினுக்குப் பொருந்தும்’ என்று எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். டிராக் பாரும் டிராக் லிங்க்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்பதும் இங்கேயே பார்க்க வேண்டியது. இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும்.

வெளிநாட்டுக் கிட் என்றால் விலையோடு கப்பல் செலவு, சுங்கம், 15 விழுக்காடு வாட் எல்லாம் ஏறும். அதனால் ஜேக்கப்ஸ், மோபெனி பக்கத்துப் பட்டறைகளில் உள்ளூரிலேயே செய்துகொள்வது பலருக்குக் கட்டுப்படியாகும். அப்படிச் செய்தால் ஜாயின்ட்டையும் பிராக்கெட்டையும் தரமானதாக வாங்கிக் கொடுத்து, குழாய் வெட்டுவதையும் வெல்டிங்கையும் மட்டும் பட்டறையில் விடுங்கள். சான்றிதழ் பெற்ற வெல்டரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பேசும் அண்ணன் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் கேளுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு கோரிக்கையை நிராகரிக்க அதுவே காரணமாகலாம். வண்டியை விற்கும்போது ரோட்வொர்தி சோதனையும் வரும், ஆகவே பட்டறை ரசீது, வெல்டிங் படங்கள் எல்லாவற்றையும் வைத்திருங்கள்.

படி 7: மாட்டும் நாளும் அதன் பிறகும்

ஸ்பிரிங்கை மாட்டும் முன், ஸ்பிரிங் இல்லாமலே ஆக்ஸிலை ஜாக் வைத்து முழுதாக ஏற்றி இறக்குங்கள். பிறகு ஒரு பக்கம் மட்டும் ஏற்றுங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஏபிஎஸ் கம்பி மாட்டுகிறதா, டயர் ஆர்மில் உரசுகிறதா, டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் முட்டுகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஷாக்கின் நீளத்தை முடிவு செய்ய வேண்டியதும் இந்த நிலையில்தான். மேலே போகும்போது ஷாக் முட்டும் முன் பம்ப் ஸ்டாப் (ரப்பர் தடுப்பு) தொட வேண்டும். கீழே போகும்போது ஷாக் தொங்கும் முன் லிமிட் ஸ்டிராப் (இறக்கத்தை நிறுத்தும் பட்டை) பிடிக்க வேண்டும்.

ஆக்ஸில் நேராக இருக்கிறதா என்று குறுக்குமறுக்காக அளங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் 3 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். பின்னால் டபுள் கார்டன் ஷாஃப்ட் என்றால் பினியன் (டிரைவ் ஷாஃப்ட் ஆக்ஸிலில் சேரும் முனை) டிரான்ஸ்ஃபர் கேஸை (சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் பெட்டியை) நோக்க வேண்டும், ஒன்றிரண்டு பாகை தாழ்வாக. முன்னால் கேஸ்டரையும் பினியன் கோணத்தையும் ஒன்றாக விரும்பியபடி வைக்க முடியாது. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு நான் கேஸ்டர் பக்கமே நிற்பேன். 5 பாகைக்குக் குறைந்தால் பெரிய டயரோடு ஸ்டீயரிங் அலையும்.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை வண்டி தன் சொந்த எடையில் தரையில் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். ஆக்ஸில் தொங்கும்போது முறுக்கிவிட்டால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து சில மாதத்தில் கிழியும். பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் 100 கிலோமீட்டரில் எல்லாப் போல்ட்டையும் லாக் நட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். முதல் மலைப் பயணம் முடிந்ததும் மறுபடி. ஒவ்வொரு நட்டிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்தால், நகர்ந்ததா என்று குனிந்து பார்த்தாலே தெரியும். வீல் அலைன்மென்ட்டைப் பாரம் ஏற்றிய வண்டிக்குச் செய்யுங்கள்.

லெசோத்தோவுக்குக் கிளம்பும்போது பெட்டியில் இருக்க வேண்டியவை: ஒரு ஜாயின்ட்டுக்கான உள்பாகங்கள், கீழ் ஆர்ம் போல்ட்டும் நட்டும் இரண்டு ஜோடி, கிரீஸ் கன், லாக் நட்டுக்குப் பொருந்தும் பெரிய ஸ்பேனர். அந்த ஸ்பேனர் அளவு சாதாரணப் பெட்டிகளில் வராது, தனியாக வாங்க வேண்டும்.